கைதுக்குக் கணக்கு இருக்கிறது, கடனுக்கு இல்லை: பாக் நீரிணை நெருக்கடியைத் தேசிய ஊடகம் சொல்லும் விதம்

2024 ஏப்ரல் 1 அன்று டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்த வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இரண்டு எண்களைச் சொன்னார். முந்தைய 20 ஆண்டுகளில் இலங்கை பிடித்துவைத்த இந்திய மீனவர்கள் 6,184 பேர். பறிமுதலான படகுகள் 1,175. அதற்கு முதல் நாள்தான் கச்சத்தீவு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஆவணங்கள் ஒரு தேசிய ஆங்கில நாளிதழில் செய்தியாகியிருந்தன; பிரதமரும் அதைப் பகிர்ந்திருந்தார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. 1974-இல் தீவை விட்டுக்கொடுத்தது யார், அப்போது யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது என்பதே நாடு தழுவிய விவாதமாயிற்று. ராமேஸ்வரத்தில் நிற்கும் ஒரு விசைப்படகின் மீது எவ்வளவு கடன் இருக்கிறது, அதன் சம்மாட்டி (படகு உரிமையாளர்) எந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், ஒரு நாள் கடலுக்குப் போய்வர டீசலுக்கும் ஐஸுக்கும் என்ன செலவாகிறது என்ற கேள்விகள் அந்த விவாதத்தில் எழுந்ததாக நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு எண்களும் உண்மையானவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. ஆனால் நாடு எதை எண்ணுகிறது என்பதிலேயே அது எதைச் செய்யப்போகிறது என்பதும் அடங்கியிருக்கிறது. பிரச்சினையைக் கைது என்று எண்ணினால் தீர்வு விடுதலை. கடன் என்று எண்ணியிருந்தால் தீர்வை வேறெங்கோ தேடியிருப்போம். ராமநாதபுரம் கடற்கரையில் அரை நூற்றாண்டாக முற்றிவரும் ஒரு பொருளாதார நெருக்கடி, தேசியச் செய்தியில் எல்லைத் தகராறாகவே தென்படுகிறது. அதனால் அது டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பாகிவிட்டது. அந்த அமைச்சகத்தின் கையில் இருக்கும் கருவிகள் கடிதம், தூதரக அதிகாரியின் சிறைச் சந்திப்பு, கூட்டுப் பணிக்குழு ஆகியவை. கடனை ஒத்திவைக்கவோ, வலையை மாற்றப் பணம் கொடுக்கவோ அதனால் முடியாது.

ஊடக ஆய்வாளர் ராபர்ட் எண்ட்மன் 1993-இல் இதை வகுத்துச் சொன்னார். ஒரு செய்திச் சட்டகம் நான்கு வேலை செய்கிறது: பிரச்சினை என்ன என்று வரையறுக்கிறது, காரணம் யார் என்று காட்டுகிறது, நல்லது கெட்டது தீர்ப்பளிக்கிறது, தீர்வையும் பரிந்துரைக்கிறது. “இலங்கைக் கடற்படையால் ராமேஸ்வரம் மீனவர்கள் கைது” என்ற ஒற்றைத் தலைப்பு இந்த நான்கையும் செய்து முடித்துவிடுகிறது. பிரச்சினை கைது, காரணம் கடற்படை, பாதிக்கப்பட்டவர் நம்மவர், தீர்வு, டெல்லி தலையிட வேண்டும். அதற்குப் பிறகு வாசகருக்குக் கேள்வி மிஞ்சுவதில்லை.

நெருக்கடியின் அடிப்படை கடலுக்கு அடியில் இருக்கிறது. வடகடல் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் பாக் நீரிணை ஆழம் குறைந்தது. பெரும்பகுதியில் 15 மீட்டரைத் தாண்டாது. சேறும் மணலும் கலந்த தரை. இறாலுக்கு உகந்த இடம். 1950-களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் பின்னர் மண்டபத்துக்கும் வந்தது. இயந்திரப் படகும் இழுவைமடியும் பரவின. வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு விலை கிடைத்தது; அரசு மானியம் கொடுத்தது; கையில் காசு இருந்தவர்கள், மீனவர் அல்லாதவர்கள்கூட, படகில் முதலீடு செய்தார்கள். இழுவைமடி கடல்தரையை வாரிக்கொண்டு வரும் வலை. இறாலோடு குஞ்சு, குறுமீன், நண்டு, பாசி எல்லாம் மடியில் ஏறும். பச்சை மீனாக விற்க முடியாத அந்தக் கலவைக்குச் சங்காயம் என்று பெயர். கருவாட்டுக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும். இத்தனை ஆழம் குறைந்த ஒரு கடலை ஆண்டுக்கணக்கில் இப்படி வாரினால் என்ன மிஞ்சும் என்பது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். விசைப்படகுக்காரர்களுக்கும் தெரியும்.

நம் பக்கத்துக் கடல் மெலிந்த காலத்தில்தான் அந்தப் பக்கத்தில் போர் தொடங்கியது. 1983 முதல் 2009 வரை வட இலங்கையின் தமிழ் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக முடியாதபடி தடுக்கப்பட்டார்கள். அவர்களின் கடல் ஆளில்லாமல் கிடந்தது. நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. ஆபத்து இருந்தது, பல உயிர்கள் போயின, ஆனாலும் பாடு (மீன் வரத்து) கிடைத்தது. படகுகளின் எண்ணிக்கையும் இயந்திரங்களின் குதிரைத்திறனும் அந்தக் கடலையும் கணக்கில் வைத்தே வளர்ந்தன. 2009-இல் போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்காரரும் மன்னார்க்காரரும் சிறு படகோடும் கடனுக்கு வாங்கிய வலையோடும் கடலுக்குத் திரும்பியபோது, நம் இழுவைமடிகள் அந்த வலைகளை அறுத்துச் சென்றன. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மீதி எதுவும் புரியாது.

ஒரு விசைப்படகின் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாளில், ராமேஸ்வரம் முறைப்படி விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஆக அதிகபட்சம் சுமார் 130 நாட்கள். அதில் புயல் எச்சரிக்கையில் டோக்கன் (கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு) நிறுத்தப்படும் நாட்களையும், ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் சங்கங்கள் அறிவிக்கும் வேலைநிறுத்த நாட்களையும் கழிக்க வேண்டும். மிஞ்சும் நாட்களில்தான் படகுக் கடன், இயந்திரப் பழுது, டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாம் வந்தாக வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே இறாலைப் போட வேண்டும். விலை அவர் சொல்வது. அனுமதிக்கப்பட்ட நீர்ப்பரப்போ குறுகியது: கரையை ஒட்டிய பகுதி 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுப்படகுகளுக்கு உரியது, கொஞ்ச தூரம் தள்ளினால் சர்வதேச எல்லைக் கோடு. இந்தக் கணக்கில் நிற்கும் ஒருவர் ஏன் எல்லை தாண்டுகிறார் என்று கேட்க வேண்டியதே இல்லை. படகில் கூலிப்பங்குக்குப் போகும் ஆளுக்கு அந்த முடிவில் குரலும் கிடையாது. சிறைக்குப் போவது மட்டும் அவர்.

இத்தனையும் ஏன் செய்தியில் வருவதில்லை? செய்தி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். இரவில் படகு பிடிபடுகிறது. இலங்கைக் கடற்படை படகுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, புகைப்படத்துடன் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நம் படகுகள் கடல்வளத்தைத் திருட வந்தவை. இங்கே மீனவர் சங்கத் தலைவர் பேட்டி கொடுக்கிறார். ராமேஸ்வரத்தின் பகுதி நேர நிருபர் நான்கு பத்தி அனுப்புகிறார்; அனுப்பும் செய்திக்குத்தான் அவருக்குப் பணம், படகு உரிமையாளரின் கடன் பத்திரத்தைத் தேடி அலைய அவருக்கு நாளும் இல்லை, பயணப்படியும் இல்லை. முதலமைச்சர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம் அடுத்த செய்தி. டெல்லியில் அமைச்சகத்தின் பேச்சாளரிடம் கேள்வி கேட்கப்படுகிறது. அது மூன்றாவது செய்தி. மூன்றிலும் பேசுபவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள். பேசப்படுவது அந்த இரவு. எண்ணும் பெயரும் தேதியும் மாறும், சட்டகம் மாறுவதில்லை.

கொழும்பின் தேசிய ஊடகத்திலும் இதே குறை உண்டு. அங்கே அது இறையாண்மை மீறல். யாழ்ப்பாணத்தின் தமிழ் நாளிதழ்களில்தான் அறுந்த வலையும் அதன் விலையும் இடம்பெறுகின்றன. அந்தப் பக்கங்கள் டெல்லிக்கும் எட்டுவதில்லை, கொழும்பின் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் முழுமையாக எட்டுவதில்லை. சென்னைக்கே எட்டுவதில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இந்தச் சட்டகம் கொள்கையை எப்படி வளைத்தது என்பதற்கு 2017 நல்ல சான்று. மார்ச்சில் ராமேஸ்வரம் மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை பொறுப்பை மறுத்தது. தங்கச்சிமடத்தில் நாட்கணக்கில் போராட்டம் நடந்தது. தேசியத் தொலைக்காட்சிகள் வந்தன. மத்திய அமைச்சர்களும் வந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூலை 27 அன்று, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறக்க வந்த பிரதமர், ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கான அனுமதிக் கடிதங்களை மீனவர்களுக்கு வழங்கினார். இழுவைமடியை விட்டுவிட்டுத் தூண்டில் படகுக்கு மாறும் திட்டம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய் என்று வைத்து, மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10 என்று பிரித்தார்கள்.

திட்டத்தின் திசை சரியானது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த இருநாட்டுப் பேச்சிலேயே இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்று இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் திட்டத்தை வகுத்தவர்களின் மனத்தில் இருந்த கேள்வி “எல்லை தாண்டாமல் செய்வது எப்படி” என்பது. “இந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கும்” என்பது வேறு கேள்வி. மாலையில் போய்க் காலையில் திரும்பும் தொழில் பழகியவர், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரை மீனுக்குத் தூண்டில் போட வேண்டும். அது வேறு கைப்பழக்கம், வேறு சந்தை, வேறு துறைமுகம். பத்து விழுக்காடு என்றால் எட்டு லட்சம். வங்கிக் கடன் பதினாறு லட்சம். ஏற்கெனவே வட்டியில் நிற்பவரிடம் அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வரும்? கட்டுமானச் செலவு 80 லட்சத்தோடு நிற்கவும் இல்லை. இலக்கில் மிகச் சிறிய பங்குதான் நிறைவேறியது. பிரதமர் வழங்கிய கடிதம் தேசியச் செய்தியாயிற்று. அதன் பிறகு திட்டம் தேங்கியது மாவட்டப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

இதற்கிடையில் இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் இழுவைமடியை முற்றாகத் தடை செய்தது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. 2024-இல் மட்டும் கைதானவர்கள் ஐந்நூறைத் தாண்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் படகைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதியதில் நம் மீனவர் ஒருவர் இறந்தார். கச்சத்தீவு விவாதம் இவற்றில் எதையும் தொடவில்லை. தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும், நம் படகுகள் இறால் தேடிப் போகும் நெடுந்தீவுக் கடலும் தலைமன்னார்க் கடலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தேசிய ஊடகம் கட்டிய சட்டகத்துக்குள்ளேயே மாநில அரசியலும் நின்று பேசுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரே கடல்பொருள், வேறு சட்டகம்: 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியது. 2024-25-இல் இந்தியாவின் கடல்பொருள் ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் சுமார் 43,000 கோடி. அதை அதிகம் வாங்குவது அமெரிக்கா. அன்று முதல் வணிகப் பக்கங்களும் வணிகத் தொலைக்காட்சிகளும் இறாலைப் பற்றி ஓயாமல் பேசின. தீவன நிறுவனப் பங்குகள் எவ்வளவு சரிந்தன, ஆந்திரப் பண்ணையில் கிலோ விலை என்ன, எத்தனை வேலை போகும் என்று அன்றாடம் எண்கள் வந்தன. இது பொருளாதார நெருக்கடி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கடன் உத்தரவாதத் திட்டத்தையும், 25,060 கோடியில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்தையும் ஒப்புக்கொண்டது. அதே வாரம் ரிசர்வ் வங்கி, வரியால் பாதிக்கப்பட்ட ஏற்றுமதித் துறைகளுக்குக் கடன் தவணையை ஒத்திவைக்க வழி செய்தது. மூன்று மாதம் முடிவதற்குள் இவ்வளவும் நடந்தது.

இதில் எனக்குப் புகார் இல்லை. இறால் தோல் உரிக்கும் பெண்களின் கூலியும் அந்த ஏற்றுமதியில்தான் இருக்கிறது. நான் காட்ட விரும்புவது வேகத்தின் காரணத்தை. பங்குச் சந்தையில் பெயர் இருக்கும் தொழிலுக்கு நெருக்கடி வந்தால், அந்த நெருக்கடி முதல் நாளிலேயே எண்ணாக வந்து நிற்கிறது. நிதி அமைச்சகத்துக்குப் போகிறது. கடன், வட்டி, உத்தரவாதம் என்ற மொழியில் பதில் கிடைக்கிறது. அதே இறாலை வடகடலில் பிடிக்கிறவரின் நெருக்கடி கைதாகும் நாளில் மட்டும் கண்ணில் படுகிறது. அவருக்குக் கடன் உத்தரவாதம் பற்றி யாரும் பேசுவதில்லை; தாயகம் திரும்பும்போது விமான நிலையத்தில் வரவேற்பு இருக்கும், வீட்டில் படகு இருக்காது.

2022-இல் இலங்கை நொடித்தபோதும் இதே கரையில் இரண்டு சட்டகங்கள் மோதின. டெல்லி ஊடகத்தில் அது பெரும்பாலும் சீனக் கடன் வலையின் கதை. இலங்கையின் வெளிக்கடனில் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களே பெரும்பங்கு. 2019-இன் வரிக் குறைப்பும் 2021-இன் ரசாயன உரத் தடையும் பெரிய காரணங்கள். ஆனாலும் சீனாவுக்குப் போட்டியாக என்ற கண்ணோட்டத்திலேயே இந்தியாவின் சுமார் 400 கோடி டாலர் உதவி பேசப்பட்டது. மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கத்தில் 16 பேர் இரண்டு குழுவாக வந்து சேர்ந்தார்கள்; ஒரு குழுவைப் படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். முதலில் அவர்கள் மீது சட்டவிரோத நுழைவு வழக்கு. குழந்தைகளோடு அவர்கள் நின்ற படங்கள் தமிழ்த் தொலைக்காட்சிகளில் வந்தன; பசியில் வந்தவர்கள் என்ற பேச்சு வலுத்தது; மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது. ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் அனுப்பத் தீர்மானித்தது. மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. பசி என்று பெயர் வைத்ததால் அரிசி போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது; வடக்கின் சிறு படகு மீனவர்களுக்கு அதுதான் எரிபொருள். அந்தச் செய்தி இரு நாட்டுத் தலைநகரங்களிலும் பெரிதாகப் பேசப்படவில்லை. எந்தக் கப்பலும் அதற்காகப் புறப்படவில்லை.

அமர்த்திய சென் நீண்ட காலமாகச் சொல்லிவருவது ஒன்று உண்டு. சுதந்திரமான ஊடகம் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை. ஆனால் அதே ஊடகம் நாள்தோறும் இருக்கும் பட்டினியைக் கண்டுகொள்வதில்லை. திடீரென்று நிகழ்வதைப் பார்க்கும் கண், மெல்லத் தேய்வதைப் பார்ப்பதில்லை. கைது திடீரென்று நிகழ்வது. கடல்தரை மெல்லத் தேய்வது. சங்காயத்தின் பங்கு கூடி இறாலின் பங்கு குறைவதற்கு எந்த ஒரு நாளும் தேதி கிடையாது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களுக்கு 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு 21 தீவுகளைச் சுற்றிய நீர் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் அப்படித்தான். வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்பது செய்தி. அவர்களின் ஒரு நாள் வரும்படி செய்தி இல்லை.

வேறு மாதிரி எழுத முடியும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பி. சாய்நாத் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் தங்கி எழுதியபோது ராமநாதபுரமும் அவற்றில் ஒன்று. வறட்சி வந்த நாளை எழுதாமல், வறட்சியில் யார் கடன்படுகிறார், அந்தக் கடனில் யார் வாழ்கிறார் என்று எழுதினார். ஒரு தேசிய ஆங்கில நாளிதழ் அதை மாதக்கணக்கில் வெளியிட்டது. அப்படி ஒரு எழுத்து இந்தக் கடற்கரைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கிடைக்க வேண்டிய பொருள் ஏராளமாக இருக்கிறது. 2010 ஆகஸ்டில் வட இலங்கை மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து நேரடியாகப் பேசினார்கள். 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் பேச்சு நடந்தது. இழுவைமடியை விட மூன்று ஆண்டு அவகாசம் வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டார்கள். 2025 மார்ச்சில் வவுனியாவில் மீண்டும் சந்தித்தார்கள். இந்தக் கூட்டங்களில் மீனவர்கள் பேசியது ஆண்டுக்கு எத்தனை நாள், எந்த மடி, எத்தனை ஆண்டு, மாற்றுத் தொழிலுக்கு யார் பணம் தருவார் என்பதையே. இறையாண்மையைப் பற்றி இரு நாட்டுத் தொலைக்காட்சிகள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கடலில் பிழைப்பவர்கள் பொருளாதாரத்தைப் பேசினார்கள். “பேச்சுவார்த்தை தோல்வி” என்ற ஒரு வரியோடு தேசிய ஊடகம் விலகிக்கொண்டது. எவ்வளவு தூரம் நெருங்கிவந்து எந்த எண்ணில் பேச்சு முறிந்தது என்று எழுதியிருந்தால், அந்த இடைவெளியை நிரப்ப எவ்வளவு நிதி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒருவராவது கேட்டிருக்க முடியும்.

டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடைக்காலத்தில் வாருங்கள். அந்த 61 நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கைது இருக்காது, ஆகவே உங்கள் அலுவலகமும் உங்களை அனுப்பாது. ஆனால் கடன் உருவாவது அப்போதுதான். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்து, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, மடி வாங்கும் செலவு முழுவதும் அந்த இரண்டு மாதத்தில் வரும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீதிக்கு யாரிடம் கை நீட்டுகிறார்கள், என்ன வட்டி, இறாலை என்ன விலைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள் என்று ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் சோளியக்குடியிலும் கேட்டு எழுதுங்கள். ஜூன் 15 அன்று டோக்கன் வாங்கிப் புறப்படும் படகு எவ்வளவு கடனோடு புறப்படுகிறது என்ற எண் ஒரு தேசிய நாளிதழில் ஆண்டுதோறும் வந்தால், அடுத்த கைது நடக்கும்போது வெளியுறவு அமைச்சகத்தோடு மீன்வள அமைச்சகமும் நிதி அமைச்சகமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.